புல்லியில் மூன்று தழும்பு

அவள் எட்டாம் மாதமே பிறந்துவிட்டாள். "இன்னும் ஒரு மாசம் உள்ள இருக்கறதுக்கு இவளுக்கு என்ன கேடு" என்று அவளுடைய அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் கேள்வியைப் பாதி படிக்கும்போதே பதில் எழுத ஆரம்பித்துவிடுவாள். அதனாலேயே ஒரு வருடம் கோட்டை விட்டாள். கல்யாணப் போட்டோக்களில் மாப்பிள்ளை, மாமனார், தூரத்துச் சித்தப்பா எல்லோரும் பளிச்சென்று இருக்க, பெண்ணின் முகம் மட்டும் கலங்கலாக இருக்கும். போட்டோக்காரர் மூன்று எண்ணுவதற்குள் அவள் திரும்பி யாரிடமாவது எதையாவது கேட்டிருப்பாள். இப்போது நாற்பத்தேழு வயதாகிறது. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரி இருப்பது மட்டும் மாறவில்லை.

பிழைப்புக்கு அவள் எடுத்துக்கொண்டது வண்டி ஓட்டும் வேலை. வேறு எந்த வேலை அவளைத் தாங்கும்? முதலில் ரொட்டி வேன், பிறகு பள்ளிக்கூட வேன், கடைசிப் பன்னிரண்டு வருடமாகச் சொந்தக் கார். அந்தக் கார் அவளுடைய கல்யாணத்துக்கும் மூத்தது. திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் சிறுநீரகம் கெட்டுப்போன மூன்று பேரை ஏற்றிக்கொண்டு, ஊருக்கு மேலே மேட்டு உச்சியில் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போவாள். நாலு மணி நேரம் மெஷினில் அவர்களுடைய ரத்தம் சுத்தமாகும். பிறகு பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து விடுவாள். மூவரில் மூத்தவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். எப்போது போன் செய்தாலும் அவள் "அஞ்சு நிமிஷத்துல வாசல்ல இருப்பேன் சார்" என்பாள். மூன்றாவது நிமிடமே ஹாரன் கேட்கும். வாத்தியார்தான் அவளுக்கு "அஞ்சு நிமிஷம்" என்று பெயர் வைத்தார். அது மற்ற இருவருக்கும் பிடித்துப்போய், ஆஸ்பத்திரி வாசலில் இருக்கும் காவலாளி வரைக்கும் பரவிவிட்டது.

அவளுடைய கணவர் தையல்காரர். ஒரு பொத்தான் துளைக்குக் கால் மணி நேரம் எடுத்துக்கொள்ளும் மனிதர். இவர்கள் இருவரும் இருபத்திரண்டு வருடம் ஒரே வீட்டில் எப்படி இருந்தார்கள் என்று கேட்டால், "அவ வீட்ல எங்க இருந்தா?" என்பார்.

அவளுடைய தம்பி அவளுக்கு நேர் எதிர். ஒன்பது வயது இளையவன், மெக்கானிக். ஒரு இன்ஜினைப் பிரித்தால் எந்தத் திருகு எந்த ஓட்டையிலிருந்து வந்தது என்று அட்டையில் படம் வரைந்து, அதே இடத்தில் குத்தி வைப்பான். பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றில் பதினாறு வருடம் நல்ல பெயரோடு இருந்தான். போன வருடம் ஒரு வாடிக்கையாளர் அவசரப்படுத்தினார் என்று, லைட் வைத்துப் பார்க்காமல் சத்தத்தை மட்டும் கேட்டு ஒரு காருக்கு டைமிங் வைத்தான். தீப்பொறி வரவேண்டிய நேரத்துக்கு ரொம்பவே முன்னால் வந்து, நெடுஞ்சாலையில் பிஸ்டன் ஓட்டை விழுந்து கார் நின்றுவிட்டது. எல்லோர் முன்னாலும் போர்மேன் அந்தப் பிஸ்டனை மேஜையில் வைத்து, "இது யார் கை?" என்று கேட்டார். அன்றோடு அவன் அங்கே போகவில்லை.

அதன்பிறகு ஒன்பது மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தான். கதவில் கொண்டி கழன்றால்கூட மாட்ட மாட்டான். "வேற யாரையாவது கூப்பிடுங்க" என்பான். மருந்துக் குடோனில் பெட்டி எண்ணும் வேலைக்கு மனுப் போட்டு, சேரச் சொல்லிக் கடிதமும் வந்துவிட்டது. அந்தச் சமயத்தில்தான் அவளுடைய கார் எண்ணெய் குடிக்கவும் பின்னால் நீலப் புகை விடவும் ஆரம்பித்தது. அவள் ஒரு கணமும் யோசிக்கவில்லை. நேராகத் தம்பி வீட்டு வாசலில் காரை நிறுத்தி, "என் இன்ஜினைப் பிரிச்சுக் கட்டிக் குடு. உன்னைத் தவிர வேற எவன் கையும் இதுல படக்கூடாது" என்றாள். வாத்தியார் கூட்டத்தை ஐந்து வாரத்துக்கு வேறொரு வேன்காரர் தலையில் கட்டினாள். கார் வீட்டுப் பக்கத்துத் தகர ஷெட்டுக்குள் போனது. தம்பியும் தயங்கித் தயங்கி வந்து சேர்ந்தான். குடோன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தான்.

இன்ஜினைக் கட்டி முடித்தது ஐந்தாம் வாரம் புதன்கிழமை. சாவியைத் திருகியதும் உறுமிக்கொண்டு கிளம்பியது. தம்பி சிரித்தான். அவன் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அவளால் கணக்குச் சொல்ல முடியும், ஆனால் சொல்லவில்லை. "வா, மேட்டுக்குப் போய் வரலாம்" என்று அவனை இழுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். தெருவில் நன்றாகத்தான் ஓடியது. மேட்டு ரோட்டில் முதல் வளைவில் மூச்சு வாங்கியது. இரண்டாவது வளைவில் காலை முழுக்க அழுத்தியும் கார் நகர்ந்து நகர்ந்து போய் நின்றது. சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டிருந்தது. பின்னால் புகைக்குழாயில் பட் பட் என்று வெடித்தது.

தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை.

டைமிங் என்பது பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. பிஸ்டன் மேலே வந்து முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் தீப்பொறி விழவேண்டும். ரொம்ப முன்னால் விழுந்தால் பிஸ்டனுக்கு ஆபத்து. தாமதமாக விழுந்தால் இன்ஜின் சோம்பேறியாகி, சூடாகி, மேட்டைக் கண்டால் படுத்துக்கொள்ளும். அது எப்போது விழுகிறது என்று பார்க்க இன்ஜினின் முன்பக்கத்தில் கிராங்க் புல்லி என்ற சக்கரம் இருக்கிறது. அதன் விளிம்பில் ஒரு வெட்டு. அதற்கு நேராக இன்ஜினில் ஒரு முள்ளும் சில கோடுகளும். ஒவ்வொரு தீப்பொறிக்கும் கண் சிமிட்டும் டைமிங் லைட்டை அதன்மேல் அடித்தால், சுற்றுகிற சக்கரம் நிற்பதுபோலத் தெரியும். வெட்டு எந்தக் கோட்டுக்கு நேராக இருக்கிறதோ அதுதான் டைமிங்.

தம்பி லைட்டை அடித்துப் பார்த்தான். வெட்டு, இருக்கவேண்டிய எட்டாவது கோட்டில் அசையாமல் நின்றது.

"மார்க் சரியா இருக்குக்கா" என்றான்.

"வண்டி சரியா இல்லையேடா."

"அதான் புரியல."

புதன் மாலையும் வியாழன் முழுவதும் வெள்ளியும் இப்படியே போயின. பாயின்ட் இடைவெளியை மூன்று முறை அளந்தான். பிளக் ஒயர்களின் வரிசையைப் பார்த்தான். கார்புரேட்டரைக் கழற்றி ஊதினான். புது கண்டென்சர் போட்டான், பிறகு அதன்மேலேயே சந்தேகம் வந்து பழையதை மாட்டினான். தெர்மோஸ்டாட்டை வெந்நீரில் போட்டுப் பார்த்தான், அது ஒழுங்காகத் திறந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம், இன்ஜின் ஓடும்போதே, தீப்பொறி விழும் நேரத்தை மாற்றுகிற டிஸ்ட்ரிபியூட்டரைக் கையால் கொஞ்சம் திருப்பினான். அவ்வளவுதான், இன்ஜின் குரலே மாறிவிட்டது. மூச்சு முட்டியவன் ஜன்னலைத் திறந்ததுபோல ஓடியது. அவள் கையைத் தட்டினாள். தம்பி லைட்டை எடுத்து அடித்தான். வெட்டு கோடுகளையெல்லாம் தாண்டி எங்கேயோ நின்றது. உடனே டிஸ்ட்ரிபியூட்டரைப் பழைய இடத்துக்கே திருப்பி இறுக்கிவிட்டான்.

"ஏன்டா? அங்கதான நல்லா ஓடிச்சு?"

"மார்க்கைத் தாண்டி வைக்க மாட்டேன். அன்னிக்கும் இப்படித்தான் நல்லா ஓடிச்சு."

இதற்கு மேல் அவளால் பொறுக்க முடியவில்லை. மூன்று நாளாக ஷெட்டுக்கும் வீட்டுக்கும் நடந்து நடந்து ஒரு செருப்பு அறுந்திருந்தது. வேன்காரர் திங்கள்முதல் வெளியூர் போகிறார். வாத்தியார் காலையில்தான் போன் செய்து, "அஞ்சு நிமிஷம், திங்கட்கிழமை நீதானம்மா வர்ற?" என்று கேட்டிருந்தார். அவளும் "வரேன் சார்" என்று சொல்லித் தொலைத்திருந்தாள். ஆற்றாமை எல்லாம் சேர்ந்து வாயில் வந்தது.

"கண்ணு முன்னாடி நல்லா ஓடறதை விட்டுட்டு கோட்டைக் கட்டிக்கிட்டு அழறியே. பெரிய ஒர்க்‌ஷாப்லயும் இப்படித்தான் வேலை பாத்தியா?"

சொன்னவுடன் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் சொன்னது சொன்னதுதான். தம்பி கந்தல் துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"நாளைக்கு முன்பக்கத்தைப் பிரிச்சு உள்ள செயின் பல்லு மாறியிருக்கான்னு பாக்கறேன். வேற எதுவும் பாக்கி இல்ல. திங்கட்கிழமை வண்டி மேடு ஏறலன்னா, செவ்வாய்க்கிழமை குடோன்ல சேந்துடறேன். இனிமே என்கிட்ட இன்ஜின் பேச்சே எடுக்காதக்கா."

அவன் போனபிறகு அவள் காரின் முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். அவளுக்கு நின்று பழக்கமில்லை, கால் வலித்தது. அவனைத் தூக்கிவிடத்தான் இன்ஜினைக் கொடுத்தாள். இப்போது அவளே அவனைக் கீழே பிடித்துத் தள்ளிவிட்டாள். கார் போனால் இன்னொரு கார். பதினாறு வருடம் பழகிய கையை எந்தக் கடையில் வாங்குவது?

சனிக்கிழமை காலை தையல்காரர் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து, கத்தரியால் ஒரு அளவு டேப்பைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டிருந்தார். அவள் ஒரு கையில் டீயும் இன்னொரு கையில் சாவியுமாகக் கடந்து போனவள் நின்றாள்.

"எதுக்கு அதை வெட்டறீங்க?"

"பொய் சொல்லுது. நோட்டுல எழுதி வெச்ச அளவு சரி. துணியை வெட்டினது இந்த டேப்பை வெச்சு. இந்த வாரம் தெச்ச சட்டை எல்லாம் தொளதொளன்னு வந்துடுச்சு. நாலு நாளா என் கையைத்தான் சந்தேகப்பட்டேன். கடைசில பாத்தா, இழுத்து இழுத்து டேப்பே அரை இன்ச் நீண்டு போயிருக்கு."

"சரி சரி" என்று சொல்லிவிட்டு அவள் ஷெட்டுக்கு ஓடினாள். அவர் பேச்சைப் பாதிக்கு மேல் கேட்டதில்லை. இன்று முழுதாகக் கேட்டதே பெரிய விஷயம்.

தம்பி விடிந்ததுமே வந்துவிட்டிருந்தான். ரேடியேட்டரைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து, பிளக் நான்கையும் எடுத்து வரிசையாக வைத்திருந்தான். முன்பக்கத்தைத் திறக்க வேண்டுமென்றால் கிராங்க் புல்லியைக் கழற்ற வேண்டும். அது இன்ஜினின் சுழல் தண்டில் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். அதற்கென்று மூன்று கால் வைத்த புல்லர் என்கிற இழுவைக் கருவி உண்டு, இரண்டு தெரு தள்ளி லேத் பட்டறைக்காரரிடம் இருக்கிறது.

"புல்லர் வாங்கிட்டு வரேன்" என்றான் தம்பி, அவள் முகத்தைப் பார்க்காமல். "அதுவரைக்கும் தொடாத."

அவன் தெருமுனை திரும்பினான்.

இதே வார்த்தைகளை அவன் ஐந்து வாரத்துக்கு முன்னாலும் சொல்லியிருந்தான். அன்று பிரிக்கிற நாள். அவன் போன இரண்டாவது நிமிடமே அவளுக்குக் கை அரித்தது. ஒரு சக்கரம், அதைக் கழற்ற இரண்டு தெரு போகவேண்டுமா என்று சுத்தியலை எடுத்தாள். புல்லியின் விளிம்புக்குப் பின்னால் ஒரு கம்பியை நெம்புகோலாகக் கொடுத்துக்கொண்டு விளிம்பில் அடித்தாள். மூன்றே அடி. மூன்றாவது அடியில் ஏதோ இளகியதுபோல இருந்தது. பரவாயில்லை, பாதி வேலையை முடித்துவிட்டோம் என்று சுத்தியலைப் பெஞ்சுக்கு அடியில் போட்டுவிட்டாள். தம்பி திரும்பி வந்து புல்லரை மாட்டியதும் புல்லி சுலபமாகக் கழன்று வந்தது. 'நான்தான் இளக்கி வெச்சேன்' என்று அன்று மனதுக்குள் பெருமைகூடப் பட்டுக்கொண்டாள். பிறகு அதை மறந்தே போனாள்.

குனிந்து புல்லியைப் பார்த்தாள். நடுவில் ஒரு இரும்புக் குடம், வெளியே கனமான ஒரு வளையம், இரண்டுக்கும் நடுவில் அதிர்வைத் தாங்க ரப்பர். வெட்டு இருப்பது வெளி வளையத்தில். தண்டோடு சேர்ந்து சுற்றுவது உள்குடம். டேப் நீண்டுபோன கதை அவள் காதில் திரும்ப ஓடியது. அடி விழுந்தது வளையத்தில். முப்பது வருட ரப்பர். வளையம் மட்டும் நழுவியிருந்தால்?

விளிம்பை விரலால் தடவினாள். புதுக் கறுப்புப் பெயிண்ட். வேறு எதற்கும் பெயிண்ட் அடிக்காதவன் இதற்கு மட்டும் ஏன் அடித்தான் என்று புரியவில்லை. நகத்தால் சுரண்டினாள். பெயிண்டுக்கு அடியில் ஒரு தழும்பு. இன்னும் சுரண்டினாள், பக்கத்தில் இன்னொன்று. மூன்றாவதும் கிடைத்தது. அதற்கு மேல் சுரண்ட அவளுக்குத் தைரியம் இல்லை. தழும்புகளைத் தம்பி பார்த்திருக்கிறான். பார்த்து, பெயிண்ட் அடித்து மூடியிருக்கிறான். ஆனால் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தம்பி செய்து அவள் பார்த்த வித்தை ஒன்று இருந்தது. வீட்டுக்கு ஓடி ஒரு நீளமான ஸ்ட்ரா எடுத்து வந்தாள். முதல் பிளக் ஓட்டையில் அதை நிறுத்தி, ஸ்பேனரால் தண்டை மெதுவாகச் சுற்றினாள். வாழ்க்கையில் அவள் எதையும் அவ்வளவு மெதுவாகச் சுற்றியதில்லை. பிஸ்டன் ஏறும்போது ஸ்ட்ராவும் ஏறியது. ஏறி ஏறி, உச்சியில் தயங்கி நின்றது. எட்டிப் பார்த்தாள். வெட்டு முள்ளுக்கு நேராக இருக்கவேண்டும். ஒரு விரலுக்கு மேல் தள்ளி, இன்னும் முள்ளை வந்து சேராமல் நின்றது.

ஆக, நாலு நாளாக லைட் சொன்னது ஒன்று, தீப்பொறி விழுந்தது வேறு. மார்க்கில் சரியாக வைக்க வைக்க, உள்ளே தாமதமாகவே விழுந்துகொண்டிருந்தது. தம்பி ஒரு தப்பும் செய்யவில்லை. டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பியபோது அவன் காது சொன்னதுதான் சரி.

தெருவில் அவன் வருவது தெரிந்தது. தோளில் புல்லர். அந்த அரை நிமிடத்தில் அவள் மனது போகாத இடமெல்லாம் போய் வந்தது. ரப்பர் பழசு, தானாகவே நழுவிவிட்டது என்று சொன்னால் யாருக்கு நஷ்டம்? பழைய வண்டிகளில் அப்படி ஆவது சகஜம்தான். அவன்மேலும் பழி இல்லை, அவள்மேலும் பழி இல்லை. கார் ஓடிவிடும், வாத்தியார் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார். அதைச் சொல்வதற்கு அவள் வாயைக்கூடத் திறந்துவிட்டாள்.

தம்பி உள்ளே வந்தான். பிளக் ஓட்டையில் ஸ்ட்ராவைப் பார்த்தான். பிறகு சுரண்டின பெயிண்டைப் பார்த்தான். முகம் செத்துவிட்டது.

"பாத்துட்டியா" என்றான்.

அவள் ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.

"நானே சொல்லணும்னுதான்க்கா இருந்தேன். கழட்டும்போது எங்கயோ அடிச்சிருக்கேன். எப்ப அடிச்சேன்னு எவ்வளவு யோசிச்சும் ஞாபகம் வரல. திரும்ப மாட்டறப்பதான் தழும்பைப் பாத்தேன். சுத்தி விட்டுப் பாத்தேன், ஆட்டம் எதுவும் இல்ல. நீ பாத்தா வருத்தப்படுவேன்னு பெயிண்ட் அடிச்சு மூடிட்டேன்." புல்லரைக் கீழே வைத்தான். "எனக்கு இப்பல்லாம் என் கை என்ன செய்யுதுன்னே தெரியலக்கா. செஞ்சதுகூட ஞாபகம் இருக்க மாட்டேங்குது."

அவள் செய்த தப்பை, செய்யாதவன் வாங்கி, ஞாபகமறதி என்று ஒரு காரணமும் கண்டுபிடித்து, தன் தலையில் ஏற்றிக்கொண்டு ஒரு வாரம் சுமந்திருக்கிறான். அவள் நேற்று சொன்ன வார்த்தையும் அதன்மேல் போய் உட்கார்ந்திருக்கிறது. அதற்கப்புறம் ரப்பர் பழசு என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

"டேய், அது நான்."

"எது?"

"அடிச்சது. அன்னிக்கு நீ புல்லர் வாங்கப் போனல்ல. தொடாதன்னு சொல்லிட்டுதான் போன. எனக்குப் பொறுக்கல. சுத்தியலை எடுத்து மூணு அடி போட்டேன். வளையம் நழுவிடுச்சு. பாரு, பிஸ்டன் உச்சில இருக்கு, வெட்டு எங்க நிக்குது பாரு. மார்க்தான்டா தப்பு. நீ வெச்சதெல்லாம் சரி."

தம்பி குனிந்து ஸ்ட்ராவைப் பார்த்தான், முள்ளைப் பார்த்தான், மறுபடியும் ஸ்ட்ராவைப் பார்த்தான். பிறகு எண்ணெய் டப்பாவைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டான். அவள் பேசாமல் இருந்தாள். சும்மா இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று அவளுக்கு இத்தனை வருடம் தெரியாது.

"நேத்து என்ன கேட்ட நீ?" என்றான் கடைசியில்.

"கேட்டேன்."

"பெரிய ஒர்க்‌ஷாப்லயும் இப்படித்தானான்னு."

"ஆமா. கேட்டிருக்கக் கூடாது. தப்பு என்னோடது, திட்டு உனக்கு. மன்னிச்சுக்கோ."

"நாலு நாளாத் தூக்கம் இல்லக்கா எனக்கு." அவன் குரல் உயர்ந்தது. அவனுக்குக் கோபம் வந்து அவள் பார்த்தே ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. "நாலு நாள்! தொடாதன்னா ஒரு பத்து நிமிஷம் தொடாம இருக்க முடியாதா உன்னால?"

"முடியாதுடா. முடிஞ்சிருந்தா ஒன்பதாம் மாசம் பொறந்திருப்பேன்."

அவன் சிரிக்கவில்லை. ஆனால் எழுந்தான். "நகரு. ஸ்ட்ராவை வெச்செல்லாம் உச்சி பாக்க முடியாது. உச்சில பிஸ்டன் தயங்கும், கண்ணு ஏமாத்தும்" என்றான்.

ஒரு பழைய பிளக்கின் உட்புறத்தைத் தட்டி எடுத்து, அதில் நீளமான போல்ட் ஒன்றைச் செருகி, முதல் ஓட்டையில் திருகினான். பிஸ்டன் மேலே வந்து போல்ட்டில் முட்டி நின்றது. அந்த இடத்தில் முள்ளுக்கு நேராகப் புல்லியில் ஒரு கோடு போட்டான். கோடு போட்டது தையல்காரரின் சுண்ணக்கட்டியால். அதை ஓடிப்போய் வாங்கி வந்தது யார் என்று சொல்லவேண்டியதில்லை. பிறகு தண்டை எதிர்ப்பக்கம் சுற்றி, மறுபடி முட்டிய இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் சரியாக நடுவில்தான் உண்மையான உச்சி. வளைந்த விளிம்பில் நடுவைக் கண்டுபிடிக்க ஒரு காகிதத் துண்டு வேண்டும். தம்பி சட்டைப் பைக்குள் கையை விட்டான். கைக்கு வந்த தாளை நீளவாக்கில் ஒரு பட்டையாகக் கிழித்தான். விளிம்பில் சுற்றி, இரண்டு கோடுகளையும் அதில் குறித்து, இரண்டாக மடித்து நடுவைப் பிடித்தான்.

அது குடோன் கடிதம். அவனுக்குத் தெரிந்துதான் கிழித்தானா, வேலை மும்முரத்தில் கிழித்தானா என்று அவளுக்குத் தெரியாது. கேட்கவேண்டும் என்று வாய் துடித்தது, ஆனால் மென்று விழுங்கிவிட்டாள்.

நழுவின வளையத்தை நம்பி மேடு ஏற முடியாது, மறுபடி நழுவலாம். லேத் பட்டறைக்காரரின் கொல்லைப்புறத்தில் இதே மாதிரி இன்ஜின் ஒன்று ஆயுள் முடிந்து கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை அதிலிருந்து ஒரு புல்லியைக் கழற்றினான் தம்பி. கழற்றும்போது அவளைப் பத்தடி தள்ளி ஒரு நாற்காலியில் உட்காரவைத்தான். பட்டறைக்காரர், "ஏன்ம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். "தண்டனை" என்றாள் அவள். அந்தப் புல்லியை மாட்டியதும் தம்பி அதையும் நம்பவில்லை. மறுபடி போல்ட்டை முட்டவிட்டு, கோடு போட்டு, காகிதத்தை மடித்துப் பார்த்தான். வெட்டு சரியாக முள்ளுக்கு நேராக வந்தது. அதற்குப் பிறகுதான் லைட்டைக் கையில் எடுத்தான். டிஸ்ட்ரிபியூட்டர் வெள்ளிக்கிழமை அவன் காது சொன்ன அதே இடத்துக்கு வந்து நின்றது. அவன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

திங்கட்கிழமை காலை வாத்தியார் வாசலில் நின்றிருந்தார். "அஞ்சு நிமிஷம், நீ சொன்னா வருவேன்னு தெரியும்" என்று சொல்லிக்கொண்டே பின்னால் ஏறினார். மற்ற இருவரையும் அடுத்தடுத்த தெருக்களில் ஏற்றிக்கொண்டார்கள். தம்பி முன்சீட்டில், மடியில் கருவிப் பெட்டியோடு. வழியில் நின்றால் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம் என்று தானாகத்தான் வந்திருந்தான். அவள் ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டாள். தம்பியின் கண் சூடு காட்டும் முள்ளிலேயே இருந்தது.

முதல் வளைவு வந்தது, போனது. இரண்டாவது வளைவில் அவள் கியரை மாற்றிக் காலை அழுத்தினாள். கார் தயங்கவில்லை. பாரம் ஏற்றின வண்டி ஏறவேண்டியபடி, ஒரே சத்தத்தில், மேலே போய்க்கொண்டிருந்தது. முள் பாதியிலேயே இருந்தது. பின்னால் வாத்தியார் எப்போதோ தூங்கிவிட்டிருந்தார்.

மூன்றாவது வளைவும் தாண்டியபிறகு தம்பி கருவிப் பெட்டியை மடியிலிருந்து எடுத்துக் காலடியில் வைத்தான்.

"அக்கா, அன்னிக்கு எத்தனை அடி அடிச்ச?"

"மூணு. சொன்னேனே."

"பெயிண்ட் அடிக்கும்போது நான் எண்ணினேன். நாலு தழும்பு இருந்துச்சு."

"மூணுதான்டா. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு." அவள் கண்ணாடியில் பின்னால் பார்த்துவிட்டு, பழைய வழக்கத்தில் சீண்டினாள். "நாலாவது உன் கைவேலையா இருக்கும்."

போன வாரம் என்றால் அவன் தலையைக் குனிந்துகொண்டு, இருக்கும் என்றுதான் சொல்லியிருப்பான். இப்போது ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கைகளைத் திருப்பி, உள்ளங்கை மேலே தெரிய, முழங்காலில் வைத்துக்கொண்டான்.

"இல்ல" என்றான். "நான் அடிக்கல."

அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ள ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்தாள்.

"ஆமா. நீ அடிக்கல" என்றாள்.